ஒரு பெண் தலைவரின் வாழ்க்கைப் படத்தைக் கூடிப் பார்த்துப் பேசுவது எப்படி?

வேலூரில் ஒரு கல்லூரி அரங்கிலோ வாசகர் வட்டத்திலோ ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய ‘தலைவி’ (2021) படத்தைத் திரையிட நினைப்பவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். படம் பிடித்ததா என்று பேசப் போகிறோமா, அது எதைச் சொல்லி எதை விட்டது என்று பேசப் போகிறோமா? முதலாவதற்குத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. கால் மணி நேரத்தில் அது கட்சிச் சண்டையில் போய் நிற்கும். இக்குறிப்பு இரண்டாவதை விரும்புவோருக்கானது.

திரையிடலுக்கு முன்பே ஒரு பக்கத்தில் ஆண்டு வரிசையை எழுதி, வருகிற அனைவருக்கும் பிரதி எடுத்துக் கொடுங்கள். 1982-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தது, 1983-இல் கொள்கை பரப்புச் செயலாளரானது, 1984-இல் மாநிலங்களவைக்குச் சென்றது, 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தது, 1989-இல் எதிர்க்கட்சித் தலைவரானது, 1991-இல் முதல்வரானது, 2014-இல் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றது, 2015-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2016 டிசம்பர் 5-இல் மறைந்தது என வரிசை நீளும். படம் 1991-இல் முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டால், அவர் அதிகாரத்தைக் கையாண்ட காலம் முழுவதும் கோட்டுக்குக் கீழே கிடப்பது விளக்கமின்றியே புரியும். எம்.ஜி.ஆர். எம்.ஜே.ஆர். என்றும், கருணாநிதி கருணா என்றும் பெயர் மாறி வருவதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

விவாதத்துக்கு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 மார்ச் 25-இல் சட்டமன்றத்தில் நடந்ததே அதற்கு மிகப் பொருத்தமானது. அன்று முதல்வர் கருணாநிதி நிதிநிலை அறிக்கையை வாசிக்கத் தொடங்கியபோது அவையில் கைகலப்பு மூண்டது. தம் சேலை இழுக்கப்பட்டதாக ஜெயலலிதா கூறினார், தி.மு.க. அதை மறுத்தது. கலைந்த தலைமுடியுடன் வெளியேறிய அவர், இனி முதல்வராகவே அவைக்குத் திரும்புவேன் என்று சூளுரைத்தார். படமோ இந்நிகழ்வைத் தொடக்கத்திலேயே வைத்து, பாஞ்சாலி சபதத்தின் சாயலைப் பூசிவிடுகிறது. ஆகவே காட்சியை ஓட்டி நிறுத்திய பிறகு, இரு தரப்பு நாளேடுகளும் அந்த வாரம் எழுதியவற்றை இருவரை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த விவரம் இரண்டிலும் ஒத்துப்போகிறது, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது, எது படத்தில் மட்டுமே இருக்கிறது என்று கரும்பலகையில் மூன்று பத்திகளாக எழுதிக்கொண்டே போனால், கூட்டத்தின் குரல் தானாகத் தணியும்.

அக்காலத்தைக் கண்ட பெரியவர்கள் இருவரையாவது அழையுங்கள்; இரு கட்சிக்காரர்களும் இருந்தால் இன்னும் நல்லது. “படம் உண்மையா ஐயா?” என்று கேட்டால் அவரவர் கட்சியின் பதிலே வரும். மாறாக, “ஐயா, அந்தத் தேர்தல்ல உங்க தெரு சுவத்துல சேவல் வரைஞ்சிருந்தாங்களா, புறாவா?” என்று கேளுங்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, அதன் சின்னமான இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணி இரட்டைப் புறாவிலும் நின்ற 1989 சட்டமன்றத் தேர்தல் அது. அதே 1989-இல்தான் வடாற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியானது என்பதால், ‘மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி’ என்ற கணக்கில் நம்மூர்ப் பெரியவர்களுக்கு நினைவு எளிதில் பிடிபடும்.

1991 வெற்றியைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள். அவ்வாண்டு மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், நாம் சென்னைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அதன் பின் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி 234-இல் 225 இடங்களை வென்றது. அந்த வெற்றியில் அனுதாப அலைக்கு எவ்வளவு பங்கு, அந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்கு எவ்வளவு பங்கு, படம் எதன் பக்கம் சாய்கிறது? நேரம் போதாவிட்டால் மற்ற எதையும் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.