படத்துக்கு முன் பெயர்: ஊர் வரலாற்றைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஊர் வரலாற்றைச் சேகரிக்க வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்பதைத்தான். அதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் யார் யார், அவர்களில் பழைய படத்தைப் பார்த்து ஆள் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் யார் என்று இன்றைக்கே ஒரு பட்டியல் எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் பெட்டிக்குள் இன்னும் பல வருடம் தாங்கும். ஆனால் இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்பது ஊரிலேயே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் போன பிறகு அந்தப் படத்தில் மிஞ்சுவது முகங்கள்தான். எங்கள் குழுவின் அலமாரியில் அப்படி ஒரு தட்டு நிறையப் படங்கள் இருக்கின்றன. கண்ணிமைகூடத் தெரியும் அளவுக்குத் தெளிவான படங்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. அந்தத் தட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

தொடங்குவதற்கு மூன்று பேர் போதும். பேச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர், கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர், கணினி தெரிந்த ஒருவர். சங்கப் பதிவு, லெட்டர்ஹெட், பொறுப்பாளர் தேர்வு எல்லாம் பின்னால் வரட்டும்.

பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு எண் எழுதியிருக்க வேண்டும். "இது யார்?" என்று விரலால் தொட்டுக் கேட்டால் ஒலிப்பதிவில் ஒன்றும் விளங்காது, "நாலாம் நம்பர் யார்?" என்று கேட்டால் பத்து வருடம் கழித்துக் கேட்பவருக்கும் புரியும். "உங்கள் காலத்தில் ஊர் எப்படி இருந்தது?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "வேலைக்கு எந்த வழியாக நடந்து போவீர்கள்?" என்று கேளுங்கள். வழியில் இருந்த கடை, கிணறு, மரம், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்தால் பலர் தாங்களே வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அந்தத் தாளும் ஒரு ஆவணம்தான். தேதியும் வரைந்தவர் பெயரும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

வருடம் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். மனிதர்கள் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வதில்லை. மூத்த பெண் பிறப்பதற்கு முன், தெருவுக்கு மின்சாரம் வந்த பிறகு, பெரிய வெள்ளத்துக்கு மறு வருடம் என்றுதான் சொல்வார்கள். சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த வருடத்தைப் பழைய செய்தித்தாளிலும் பள்ளிப் பதிவேட்டிலும் நீங்கள் தேடிக்கொள்ளலாம். கணித்துப் போட்ட ஆண்டுக்கு முன்னால் 'சுமார்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். நிச்சயம் இல்லாத ஒரு எண் ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு.

இருவர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். சொல்லும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேறுபாட்டிலிருந்தே சில சமயம் உண்மை கிடைக்கும். ஒருவர் முதலாளி வீட்டு வாசலில் நின்று பார்த்திருப்பார், மற்றவர் பின்கட்டில் வேலை செய்துகொண்டிருந்திருப்பார்.

யாரிடம் கேட்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ், நினைவுகளைப் பேச்சாகப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெரும்பாலும் அரசியலிலும் தொழிலிலும் பெயர் பெற்றவர்களைத்தான் பதிவு செய்தார்கள். தொழிலாளர்கள், பெண்கள், குடிபெயர்ந்தவர்கள் பக்கம் அந்தத் துறை திரும்பப் பல வருடங்கள் ஆயின. சின்ன ஊர்களில் இப்போதும் அதுவேதான் நடக்கிறது. ஊர்த் தலைவர், ஆலை அதிபர், தலைமை ஆசிரியர் என்று போய்ப் பட்டியல் முடிந்துவிடுகிறது. அந்த ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர், பிரசவம் பார்த்தவர், துப்புரவுப் பணியாளர், கடிதம் கொண்டுவந்தவர், இடித்துத் தள்ளப்பட்ட தெருவில் குடியிருந்தவர் இவர்களிடம் போங்கள். அவர்கள் வீட்டில் படம் இருக்காது, ஆகையால் பேச்சுதான் ஒரே ஆவணம். "என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல?" என்று முதலில் கூச்சப்படுவார்கள். இரண்டாவது முறை போனால் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒலிப்பதிவுக்குக் கைபேசியே போதும். சட்டையில் குத்தும் சின்ன மைக் இருந்தால் இன்னும் நல்லது. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், வசதி இருந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் 'வேவ்' வடிவில், ஒலித்தர அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர், கேட்கிறவர் என நான்கையும் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைல் எங்கே அலைந்தாலும் அடையாளம் அதோடு இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், அவர்கள் களைத்துப்போவார்கள்.

அனுமதியை வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். ஒரு பக்கத் தாளில், எளிய தமிழில்: பதிவைக் குழு வைத்துக்கொள்ளலாமா, பொதுவில் போடலாமா, பெயர் சொல்லலாமா, எந்தப் பகுதியை மறைக்க வேண்டும். படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒருநாள் "அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்" என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

இனி ஸ்கேனர். படத்தை இரவல் வாங்கி வராமல், முடிந்தவரை ஸ்கேனரை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் கண்முன் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தட்டையான ஸ்கேனர்தான் வேண்டும். தாளை உள்ளே இழுக்கும் வகை பழைய படத்தைக் கிழித்துவிடும். சாதாரண அச்சுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், 35 மி.மீ. நெகடிவுக்கு 2400க்குக் குறையக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள், அதன் பழுப்பும் கறையும்கூடத் தகவல்தான். மூலப் பிரதியைத் தரம் குறையாத 'டிஃப்' வடிவ ஃபைலாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்குச் சிறிதாகச் சுருக்கிய 'ஜேபெக்' எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, மங்கிய கையெழுத்து, யாருக்கோ எழுதிய நாலு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை மூலம் என்று சேர்க்காதீர்கள். அனுப்பும்போதே அது சுருக்கிவிடுகிறது. வெளியூரில் இருப்பவர் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினி தானே கால வரிசைப்படி அடுக்கிவிடும். கூடவே ஒரு விரிதாளில் எண், யார் யார், எங்கே, எப்போது, எடுத்தவர், கொடுத்தவர், இந்தத் தகவலைச் சொன்னவர் ஆகியவற்றை அன்றன்றைக்கே நிரப்புங்கள். சொன்னவர் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஒரு பெயர் சரியா தவறா என்று சந்தேகம் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

மூலப் பொருள்களைப் பொறுத்தவரை, செய்யாமல் இருக்க வேண்டியவைதான் அதிகம். லேமினேஷன் கூடாது, அதைப் பிரிக்க முடியாது. கிழிசலில் செல்லோ டேப் ஒட்டக் கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் மூடியும் உள்ள பழைய ஆல்பங்கள் படத்தை மெல்ல அரிக்கும். ஸ்கேன் செய்துவிட்டு, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே மெதுவாக ஓட்டிப் பிரிக்கலாம். வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வண்ணப் படங்கள் இருட்டில் இருந்தாலும் நிறம் மங்கும் என்பதால் ஸ்கேன் வரிசையில் அவற்றை முன்னால் வையுங்கள். ஃபிலிம் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அது அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஒரு ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். ஆடியோ கேசட் கிடைத்தால், ஓட்டுவதற்கு முன் அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறி அதன்மேல் பதிவு செய்ய முடியாது.

தண்ணீர் புகுந்துவிட்டால் நேரம்தான் எதிரி. இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஈரப் படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் தனித்தனியாகக் காயவையுங்கள். காயவைக்க ஆள் போதாத அளவு தாள்கள் இருந்தால் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். சேதம் அப்படியே நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். 1966 நவம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தபோது, நூலகத்தின் சேற்றுக்குள்ளிருந்து கை மாற்றிக் கை மாற்றிப் புத்தகங்களை மீட்டவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். சேற்றுத் தேவதைகள் என்று அவர்களை அழைத்தார்கள். நிபுணர்கள் வந்து சேரும்வரை பொருளைக் காப்பாற்றுவது தன்னார்வலர் கைதான். எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதுண்டு.

கணினிப் பிரதிகள் மூன்று இருக்க வேண்டும், இரண்டு வகை ஊடகத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். ஹார்ட் டிஸ்க்கை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து, ஃபைல்கள் படிக்க வருகின்றனவா என்று பாருங்கள்.

சேகரித்ததைப் பூட்டி வைத்தால் ஊருக்கு என்ன பயன்? சந்தை, பேருந்து நிலையம், பள்ளிச் சுவர் என்று மக்கள் நடக்கிற இடத்தில் படங்களின் பிரதிகளை மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெற்றுத் தாளும் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். "ஐந்தாவது ஆள் என் மாமா" என்று எழுதிவிட்டுப் போவார்கள். மாலையில் அந்தத் தாள்களைச் சேகரித்து, எழுதியவரைத் தேடிப் பிடித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இணையத்தில் பகிர 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம், 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியம் இரண்டும் இலவசம். காமன்ஸில் ஏற்றினால் யாரும் வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம் என்பதைக் கொடுத்தவரிடம் முன்பே விளக்குங்கள். படம் அவர் வீட்டில் இருப்பதால் பதிப்புரிமை அவருடையது ஆகிவிடாது. அது எடுத்தவருக்கோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கோ, அவர்கள் வாரிசுக்கோ உரியதாக இருக்கலாம். அதையும் விசாரித்துவிடுங்கள்.

கடவுச்சொற்கள், ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடம், கையெழுத்து வாங்கிய தாள்களின் கோப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, குழுவில் வயதில் இளைய இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து வையுங்கள். அவர்களில் ஒருவரை அடுத்த ஒலிப்பதிவுக்கு அழைத்துப்போய், கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.