ஊரில் தனியே இருக்கிற அம்மாவுக்குத் துணை தேவையா? ஓர் ஓட்டோக்காரன் கவனிக்கிறவை

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓட்டோ ஓட்டுகிறேன். கிளினிக் நாட்களில் என் வண்டியில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருப்பார்கள். "அண்ணை, அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று எனக்குப் போன் எடுப்பார்கள். அம்மாவிடம் கேட்டால் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்பார். பிள்ளையைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நினைப்பார். அதோடு, கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். ஆகவே கேட்டு அறிவதை விடுங்கள், பார்த்து அறியுங்கள்.

ஒரு விசயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவரை இன்னொரு கிழவியோடு ஒப்பிடக்கூடாது, போன வருசம் அவரே எப்படி இருந்தார் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். வன்னியில் இது முக்கியம். 2009இல் போர் முடிந்த பிறகும் காணி உறுதி, அடையாள அட்டை, இரண்டு உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் இங்கே நிறைய. அரிசியும் சீனியும் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "அம்மாவுக்கு மூளை குழம்பிப் போச்சு" என்று பதறும். குழம்பவில்லை, அது பட்டு வந்த பழக்கம். ஆனால் அதே அம்மா நடுச்சாமத்தில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு "வெளிக்கிடுங்கோ, போவம்" என்று படலையைத் திறந்தால், அது புதிது. அதைக் கவனிக்க வேண்டும்.

நடையை நான் ஏறுகிற விதத்தில் பார்ப்பேன். கால் பலமுள்ளவர் கம்பியை ஒரு கையால் பிடித்து, தலையைக் குனிந்து, ஒரே வீச்சில் உள்ளே போய்விடுவார். பலம் குறையத் தொடங்கினால் முதலில் முதுகைக் காட்டிச் சீற்றில் குந்துவார். பிறகு முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்பார். சேலையைச் சரிசெய்கிற சாட்டில் நின்று மூச்சு வாங்குவார். வீட்டிலும் இதற்குச் சாட்சி இருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தால், இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பில் ஓர் அழுக்குக் கோடு விழுந்திருக்கும். அறையிலிருந்து குசினி வரை அந்தக் கோடு போகிறதா என்று பாருங்கள். காலில் கண்டல் காயம் இருந்து, "கட்டில்ல இடிச்சுப்போட்டுது" என்றால் விழுந்தாரா என்று மெதுவாகக் கேளுங்கள். விழுந்ததை அனேகமானோர் மறைப்பார்கள். ஒருமுறை விழுந்தவர் திரும்பவும் விழக்கூடியவர்.

காசும் காட்டிக்கொடுக்கும். நூறு ரூபாய் தர வேண்டிய இடத்தில் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். உடனே "அட, மாறிப்போச்சு" என்றால் குறை கண்ணில் இருக்கலாம். புரையாக இருந்தால் சத்திரசிகிச்சை செய்து பார்வையைத் திருப்பலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். வெளிச்சத்திலும் எது பெரிய தாள் என்று தடுமாறினால் டொக்டரிடம் சொல்ல வேண்டிய விசயம் அது. மாதாமாதம் கிடைக்கிற உதவிப் பணத்தை இந்த மாதம் எடுத்தாரா, வங்கி அட்டை யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பாசமாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் பாசத்தால் வருகிறவர்கள் இல்லை.

குசினிக்குள் போனால் அடிப்பிடித்த சட்டிகளை எண்ணுங்கள். மா ரின்னைத் திறந்து வண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புச் சாம்பல் நாள்பட்டுக் குளிர்ந்து கிடந்தால் சமையல் இல்லை, பாணும் தேத்தண்ணியும்தான். சட்டை தொளதொளக்கும், காப்பு முழங்கை வரை ஏறும். சில பேர் வெத்திலையைக் கூட விட்டிருப்பார்கள். பல் நோகிறது என்று அர்த்தம், இறைச்சியும் தேங்காய்ச் சொட்டும் அதற்கு முதலே நின்றிருக்கும். தூரத்தில் இருக்கிறவர்கள் வீடியோவில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். "அம்மா, இண்டைக்கு என்ன கறி? சட்டியை ஒருக்கா காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

குளிசைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிளினிக்கில் அடுத்த திகதி வரைக்கும் எண்ணித்தான் தருவார்கள். அந்தத் திகதியில் என்வலப்பில் நிறைய மிஞ்சினால் போடாமல் விட்டிருக்கிறார், முன்கூட்டியே முடிந்தால் ஒரே வேளைக்கு இரண்டு தரம் போட்டிருக்கலாம். சீனி வருத்தக்காரர் சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணியைக் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று கக்கூஸ். அது வளவின் பின்பக்கத்தில் இருக்கும். இரவில் பாம்புப் பயம், படியில் சறுக்கும், குந்தினால் எழும்ப ஏலாது. அதனால் ஆச்சிமார் பின்னேரத்தோடு தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த வெயிலில் அப்படி இருந்தால் தலை சுற்றும், சலம் கடுக்கும், கிருமி பிடிக்கும். நிரப்பி வைத்த செம்பு காலையில் அப்படியே இருந்தால், "ஏன் குடிக்கேல்லை?" என்று பேசாதீர்கள். பாதைக்கு ஒரு லைற், பிடிக்க ஒரு கம்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொமட் கதிரை, இவ்வளவும் செய்துவிட்டுச் செம்பைத் திரும்பப் பாருங்கள்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிற மறதியை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம். ஆனால் நேற்று வரை ஒழுங்காகக் கதைத்தவர் இன்று ஆளைத் தெரியாமல் பிதற்றினால் "வயசு போட்டுது" என்று விடக்கூடாது. சலக்கிருமி, காய்ச்சல், உடம்பில் உப்புக் குறைவது, புதிதாக மாற்றிய குளிசை என்று காரணம் பல, அன்றைக்கே காட்ட வேண்டும். வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாவிட்டால், கதை குழறினால் ஒரு நிமிசமும் தாமதிக்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சரி, துணை தேவை என்று விளங்கிவிட்டது. எப்படிச் சொல்வது? "உங்களுக்கு இனி ஏலாது" என்று தொடங்கினால் அன்றோடு கதவு பூட்டுப்படும். ஆச்சி உதவி செய்கிற மாதிரி அமைத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓ.எல். படிக்கிறது, அங்கே சத்தம், இரவில் உங்களுடைய விறாந்தையில் இருந்து படிக்கட்டுமா என்று கேட்டால் எந்த ஆச்சியும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். இரவுத் துணையும் ஆச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் காசு கொடுத்து ஒழுங்கு செய்யலாம். அதைச் சமைக்கிறவரிடம் மட்டுமல்ல, அம்மாவிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

60 வயதைத் தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். கிராம சேவையாளரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே முதியோர் விடயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் இருப்பார், வேறென்ன உதவி கிடைக்கும் என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

நீங்கள் ஊரிலிருந்து திரும்பிப் போவதற்கு முதல் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் 1990, பக்கத்து வீடு, ஓட்டோ, பிள்ளை என்று நம்பர்களை எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குக் காட்டுங்கள். வீட்டுத் திறப்பில் ஒன்றையும் அங்கே கொடுத்து வையுங்கள். உள்ளே கொளுவி போட்டுக்கொண்டு விழுந்து கிடந்தால் திறப்பு உதவாது, ஆகவே அந்தக் கொளுவியையும் அம்மாவைக் கேட்டுக் கழற்றிவிடுங்கள்.