ஆப்கன் பெண்களுக்காகக் கூட்டமைப்பு ஆரம்பிக்கிறவங்க அடிக்கடி பண்ற தப்புகள்

ஆப்கானிஸ்தான் பெண்கள் உரிமைக்குன்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சா முதல் மாசம் என்ன நடக்கும்னா, ஒரு லோகோ வரும், ஒரு குரூப் வரும், கல்யாணப் பத்திரிகைல பெரியப்பா சித்தப்பா பேரெல்லாம் விடாம போடுற மாதிரி எல்லா அமைப்பு பேரும் போட்டு ஒரு கண்டன அறிக்கை வரும். அப்புறம் சத்தமே இருக்காது. கண்டிக்க விஷயத்துக்குப் பஞ்சமா? 2021 ஆகஸ்ட் 15 காபூல் தலிபான் கைக்குப் போச்சு, அடுத்த மாசமே ஆறாம் கிளாஸுக்கு மேல பொண்ணுங்களுக்கு ஸ்கூல் இல்ல, 2022 டிசம்பர்ல யுனிவர்சிட்டியும் மூடியாச்சு, 2024 டிசம்பர்ல நர்ஸிங், மருத்துவச்சி படிப்பும் போச்சு. அறிக்கை விட்டுக்கிட்டே இருக்கலாம்.

என்னைக் கேட்டா பெரிய தப்பு இதுதான்: முடிவு எடுக்கிறது ஒரு இடம், அடி வாங்குறது வேற இடம். கோடைல நியூயார்க்ல மதியம் 3 மணிக்கு மீட்டிங்னா காபூல்ல ராத்திரி 11:30. டிராஃப்ட் இங்கிலீஷ்ல வரும், நாளைக்குள்ள கமெண்ட் போடுங்கம்பாங்க, ஆப்கன் மொழிகளான தாரிலயும் பஷ்தோலயும் மொழிபெயர்ப்பு வர்றதுக்குள்ள அறிக்கை வெளிய போயிருக்கும். ஆக உள்ள இருக்கிற பொண்ணுக்குக் கிடைக்கிற ஒரே வேலை, உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கன்னு கேட்கும்போது சொல்றது. என்ன கோரிக்கை வைக்கணும்னு டொரண்டோலயோ ஜெனீவாலயோ உட்கார்ந்து முடிவாகுது, ஆனா அறிக்கை வந்த மறுநாள் கதவு தட்டப்படுறது காபூல்ல.

பண விஷயத்துலயும் இதே கதைதான். பதிவு சர்டிபிகேட் இருக்கா, பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு நிதி குடுக்கிறவங்க கேட்பாங்க. அங்க என்ஜிஓ பதிவு பொருளாதார அமைச்சகத்துக்கிட்ட, 2022 டிசம்பர் 24 அன்னைக்குப் பெண் ஊழியர்களை வேலைக்கு வரவிடாதீங்க இல்லன்னா லைசென்ஸ் ரத்துன்னு லெட்டர் போட்டதே அந்த அமைச்சகம்தான். வீட்டுக்குள்ள ரகசியமா கிளாஸ் எடுக்கிற டீச்சர் அங்க போய் பதிவு பண்ணுவாங்களா என்ன? இந்த ஒரு கண்டிஷனை வெச்சுக்கிட்டு உள்ளூர் பெண்களோட கூட்டு சேர்றோம்னு சொல்லாதீங்க, சேர முடியாது.

அடுத்த தப்பு, நமக்குள்ள ஒத்துவரலன்னா என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசி வைக்காதது. இதுக்கு 2013 நல்ல உதாரணம். பெண்கள் மேல நடக்கிற வன்முறையை ஒழிக்கிற சட்டம் 2009-ல அப்போ ஜனாதிபதியா இருந்த கர்சாயோட ஆணை வழியா வந்தது, குழந்தைக் கல்யாணம், கட்டாயக் கல்யாணம், தகராறு தீர்க்கப் பொண்ணைக் குடுக்கிற பாத் வழக்கம் எல்லாமே அதுல குற்றம். எம்.பி. ஃபவ்சியா கூஃபி 2013 மே மாசம் இதை பார்லிமென்ட்ல நிறைவேத்திடலாம்னு கொண்டு வந்தாங்க, நாளைக்கு வேற ஜனாதிபதி வந்து ஆணையைத் தூக்கிட்டா என்ன பண்றதுன்னு அவங்க பயம். வேண்டாம், சபைக்குள்ள போனா வெட்டிக் குதறிடுவாங்க, இருக்கிற ஆணையை அமல்படுத்த வைப்போம்னு இன்னொரு பக்கம் நிறைய பெண் செயல்பாட்டாளர்கள். ரெண்டு வாதத்துலயும் நியாயம் இருந்துச்சு, ஆனா ஒரு முடிவுக்கு வராமலே சபைக்குப் போயிடுச்சு. பழமைவாத எம்.பி.க்கள் இஸ்லாத்துக்கு விரோதம்னு எழுந்தாங்க, சபாநாயகர் விவாதத்தை நிறுத்திட்டார், சில நாள்ல காபூல் யுனிவர்சிட்டில மாணவர்கள் அந்தச் சட்டத்துக்கு எதிராவே போராட்டம் பண்ணாங்க. சட்டம் ஆணையா தொடர்ந்துச்சு, ஆனா எதிர் தரப்புக்கு இவங்க பிளவு நல்லா தெரிஞ்சு போச்சு.

இன்னைக்கு அதே பிளவு, தலிபான்கிட்ட பேசலாமா கூடாதாங்கிறதுல. 2024 ஜூன் கடைசில தோஹால ஐ.நா. கூட்டிய கூட்டத்துல தலிபான் உட்கார்ந்தாங்க, ஆப்கன் பெண்களுக்கு அந்த மேசைல இடமே இல்ல, எல்லாம் முடிஞ்சப்புறம் தனியா ஒரு சந்திப்பு வெச்சாங்க, போகணுமா வேண்டாமான்னு பெரிய சண்டை. இதுல போனவங்களைத் துரோகின்னும் போகாதவங்களை வெளிநாட்டுல சொகுசா இருக்கிறவங்கன்னும் திட்டிக்கிறது இருக்கே, அதுதான் கூட்டமைப்பை உடைக்குது. மாகாணத்துல கிளினிக் நடத்துறவங்க உள்ளூர் அதிகாரிகிட்ட தினமும் பேசித்தான் ஆகணும், நாடு கடந்து வந்தவங்க தலிபானுக்கு அங்கீகாரமே குடுக்காதீங்கன்னு கத்தித்தான் ஆகணும். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைல பேசணும்னு கட்டாயப்படுத்தாதீங்க.

எல்லாக் கோரிக்கையையும் ஒரே பக்கத்துல திணிக்கிறதும் வேலைக்கு ஆகாது. மேற்கு ஆப்கானிஸ்தான்ல இருக்கிற ஹெராத்ல இருந்து லாலே உஸ்மானி 2017-ல ஆரம்பிச்ச 'என் பெயர் எங்கே' பிரச்சாரத்தைப் பாருங்க, அடையாள அட்டைல அம்மா பேரும் வரணும்ங்கிறதைத்தான் முக்கியமா கேட்டது. பொம்பளை பேரைக் கல்லறைலகூட எழுதத் தயங்குற ஊர் அது. 2020 செப்டம்பர்ல சட்டத்திருத்தம் வந்துச்சு. இப்ப ஆட்சி வேற, அந்த வழி இல்ல, ஆனா ஒண்ணைப் பிடிச்சு இழுக்கிற முறை இப்பவும் செல்லும்.

போட்டோ விஷயம் சொல்லியே ஆகணும். ஜூம் மீட்டிங் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து உடனே போஸ்ட் பண்ணாதீங்க, ஓரத்துல பேரு தெரியும், முகத்தை மறைச்சாலும் பின்னாடி இருக்கிற ஜன்னல் காட்டிக் குடுத்துடும். ஒருத்தங்க முன்னாடி சரின்னு சொல்லியிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேளுங்க.

கடைசியா, காபூல்ல இங்கிலீஷ் பேசுறவங்களை மட்டும் வெச்சு நடத்துறது. தெற்குல பஷ்தூன் கிராமங்கள்ல மோட்டார் சைக்கிள்ல புத்தகம் கொண்டுபோய் பொண்ணுங்க படிப்புக்காகப் பெரியவங்ககிட்ட பேசினவர் பென்பாத் அமைப்போட மதியுல்லா வேசா, 2023 மார்ச்ல தலிபான் பிடிச்சு உள்ள வெச்சு அக்டோபர்லதான் விட்டாங்க. பஷ்தூன் சமூகமே பெண் கல்விக்கு எதிரின்னு எழுதுற அறிக்கைல அவரை மாதிரி ஆளுங்க எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?