இரண்டு முறை பிசகிய கணுக்கால்

வாலிபால் ஆடும் என் 14 வயது மகளுக்கு ஒரே சீசனில் இடது கணுக்கால் இரண்டு தடவை பிசகியது, இரண்டுமே வலையோரம் எம்பி எதிரணியின் பந்தைத் தடுத்துவிட்டு (பிளாக்) இறங்கும்போது. வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டிருந்தோம், அதுதான் தப்பு. அப்புறம் தரையில் டேப் ஒட்டி, அவளை ஒற்றைக்காலில் நிற்கவைத்து, மறுகாலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளந்தேன். இடது காலில் நின்றபோது 6 செ.மீ. குறைவு!

தினமும் 10 நிமிடம்: தலையணை மேல் ஒற்றைக்காலில் நின்று நான் எறியும் பந்தைப் பிடிப்பாள், பிறகு குதித்து ஒரே காலில் இறங்கி, முட்டி உள்பக்கம் சாயாமல் 3 விநாடி அசையாமல் நிற்பாள். இந்த இறங்குதல்தான் முக்கியம், கபடி, கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். எட்டாவது வாரம் வித்தியாசம் 2 செ.மீ.தான். இப்போது வலையோரம் பயமில்லாமல் எம்புகிறாள்.