ஆங்கிலச் சொல்வளம்: கடினச் சொற்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ., ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் பலர் முதலில் தேடிப் பிடிப்பது ஒரு சொற்பட்டியலைத்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைச் சொல்லில் தமிழ்ப் பொருள் என அமைந்த அந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டால் சொல்வளம் வந்துவிடும் என்று நம்புவதே மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு. 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ. தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது எதிர்ச்சொல், சொல்லிணை ஒப்புமை ஆகிய வினாக்கள் நீக்கப்பட்டன. வாக்கியத்திலோ பத்தியிலோ விடுபட்ட இடத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களே அங்குச் சொல்லறிவைச் சோதிக்கின்றன. தேர்வு மாறிய பிறகும் மனப்பாடப் பழக்கம் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை.

பட்டியல் சொல்லாமல் விடுவது, ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வாழ்கிறது என்பதை. தமிழில் வெயில் கொளுத்துகிறது, காற்று வீசுகிறது என்று யாரும் கற்றுத் தராமலே பேசுகிறோம். காற்று கொளுத்துகிறது என்று ஒருவர் எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் காதில் உறுத்துகிறது. ஆங்கிலத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. பலத்த மழை அங்கே ‘ஹெவி ரெயின்’. பலத்த காற்றோ ‘ஸ்ட்ராங் விண்ட்’. இரண்டையும் இடம் மாற்றினால் பொருள் புரியும், ஆனால் எழுதியவருக்கு மொழி பழக்கமில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். உயர்நிலைச் சொற்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’ இரண்டுக்கும் பட்டியலில் ‘தணித்தல்’ என்றே பொருள் இருக்கும். எனினும் முன்னது பெரும்பாலும் ‘ரிஸ்க்’, ‘டேமேஜ்’ போன்றவற்றோடும், பின்னது ‘பெயின்’, ‘சஃபரிங்’ போன்றவற்றோடும் வருவதைக் காணலாம். ஆகவே குறிப்பேட்டில் ‘மிட்டிகேட்’ என்று தனியாக எழுதாமல் ‘மிட்டிகேட் த ரிஸ்க்’ என்று தொடராகவே எழுதிக்கொள்வது நல்லது.

சொல்லின் தொனியைக் கவனியாமல் விடுவது அடுத்த தவறு. ‘ஃபேமஸ்’ என்பதற்கு மாற்றாக, கம்பீரமாக ஒலிக்கிறதே என்று ‘நொடோரியஸ்’ என எழுதினால், நேர்மைக்குப் பெயர்பெற்ற அதிகாரி கெட்ட பெயர் எடுத்தவராகிவிடுவார்.

ஒருபொருட்பன்மொழி அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதி முடித்த கட்டுரையின் எளிய சொற்களை ஒவ்வொன்றாக மாற்றும் வழக்கமும் பரவலாக உள்ளது. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேவையின்றிக் கடினச் சொற்கள் திணிக்கப்பட்ட எழுத்தைப் படித்தவர்கள் அதை எழுதியவரின் அறிவைக் குறைவாகவே மதிப்பிட்டது தெரியவந்தது. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு 25 விழுக்காடு மதிப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் ஏழாம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) விளக்கம், அரிதான சொற்களோடு நடையையும் சொற்சேர்க்கையையும் பற்றிய உணர்வையும் சேர்த்தே கேட்கிறது. மிகுதி என்று பொருள்படும் ‘ப்ளெதோரா’வைப் பத்திக்கு ஒருமுறை தூவுவதால் அந்த உணர்வு வெளிப்படாது.

சூழலிலிருந்து கற்க வேண்டும் என்ற அறிவுரையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். கூட்டத்தில் ஒருவர் ‘ரெட்டிசென்ட்’டாக இருந்தார் என்று மட்டும் படித்தால், அவர் சோர்வாக இருந்தாரா, கோபமாக இருந்தாரா, மனத்தில் உள்ளதைச் சொல்லத் தயங்கினாரா என்று அறிய வழியில்லை. மூன்றாவதே சரி என்பது, அச்சொல்லை வேறு சில இடங்களிலும் சந்தித்து, அகராதியையும் ஒருமுறை புரட்டிய பிறகுதான் உறுதியாகும். ஒரே வாக்கியத்தை நம்பி ஊகித்த பொருள் பிழையாகப் பதிந்துவிட்டால், அதை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்றே நான் கருதுகிறேன்.

உடன்வரும் முன்னிடைச்சொல்லும் (‘ப்ரெபொசிஷன்’) சொல்லின் பகுதியே: ‘கண்டியூசிவ்’ (உகந்த) என்றால் ‘டூ’, ‘டிப்ரைவ்’ (இழக்கச் செய்தல்) என்றால் ‘ஆஃப்’, ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ தேவையே இல்லை.

புதிய சொல்லைச் சொந்த வாக்கியத்தில் பயன்படுத்தும்போதும் பலர் எந்தச் சொல்லுக்கும் பொருந்தும் வெற்று வாக்கியத்தையே எழுதுகின்றனர். ‘இது ஒரு மெட்டிகுலஸ் வேலை’ என்பதில், நுணுக்கமான கவனம் என்ற அச்சொல்லின் குணம் எதுவும் தெரியவில்லை. பத்து ஆண்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதி வைத்த கணக்கரைப் பற்றி எழுதினால் ‘மெட்டிகுலஸ்’ தவிர வேறு சொல் அங்கே எளிதில் உட்காராது. எழுதிய வாக்கியத்தைச் சில நாள் கழித்து, அந்தச் சொல்லை மட்டும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சொல் தானாக நினைவுக்கு வராவிட்டால், மாற்றி எழுத வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான்.