உங்கள் வலைப்பூவை இணையக் குழுக்களில் பகிர்வது எப்படி? புதிய பதிவர்களுக்குப் படிப்படியாக

மாடித்தோட்டம் பற்றி எழுதத் தொடங்கிய புதிதில், என் முதல் நல்ல பதிவின் இணைப்பை ஒரே காலையில் எட்டுக் குழுக்களில் ஒட்டினேன். "புதிய பதிவு, படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி, கீழே இணைப்பு. மாலைக்குள் மூன்று குழுக்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன். கோபம் வந்தது. காசு வாங்காமல்தானே எழுதுகிறேன், இதில் என்ன குற்றம் என்று தோன்றியது.

நீக்காமல் விட்டிருந்த ஒரு குழுவைத் திறந்து மேலே நகர்த்திப் பார்த்தேன். என் இணைப்புக்கு நேர் மேலே ஒரு பெண்மணி தன் செம்பருத்திச் செடியின் படத்தைப் போட்டிருந்தார். தண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. "இதற்கு என்ன செய்வது?" என்று முந்தைய இரவே கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. நான் இணைத்திருந்த பதிவே மாவுப்பூச்சியைப் பற்றியதுதான். அவர் கேள்வியைப் படிக்காமலேயே அதற்குக் கீழே என் அறிவிப்பை ஒட்டிவிட்டு அடுத்த குழுவுக்குப் போயிருக்கிறேன்.

2004-இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் செழிப்பாக இருந்த நாட்களில் பதிவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. திரட்டியில் வலைப்பூவைச் சேர்த்துவிட்டால் புதிய பதிவு தானாக அங்கே தெரியும், படிக்க விரும்புகிறவர்கள் தேடி வருவார்கள். இன்று நாமே ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வாசலில் எப்படி நிற்பது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 1: முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரியும் தமிழிலேயே அமையும். முகவரிப் பட்டையில் அழகாகத் தெரிந்தாலும், நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடும். கணினிக் கணக்கில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், ஒவ்வொரு துணைக்குறிக்கும், புள்ளிக்கும் ஒன்பது குறிகள் ஆகின்றன. "செம்பருத்தி" என்ற ஒரு சொல் மட்டும் 99 குறிகளாக விரியும். வாட்ஸ்அப்பில் திரையையே அடைத்துக்கொண்டு நிற்கும் அப்படியொரு முகவரியைப் பார்த்தால், ஏதோ மோசடி இணைப்பு என்றுதான் பலர் நினைப்பார்கள்.

பிளாகரில் வேறு வகைச் சிக்கல். தமிழ்த் தலைப்பை அது முகவரியில் ஏற்காமல் "பிளாக்-போஸ்ட்" என்று பொதுவாக ஒரு பெயரும் எண்ணும் கொடுத்துவிடும். எதைப் பற்றிய பதிவு என்பது முகவரியிலிருந்து தெரியாது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: பதிப்பிக்கும் முன்பே பதிவின் முகவரியை அமைக்கும் நிரந்தர இணைப்பு (பெர்மாலிங்க்) பெட்டியைத் திறந்து, மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டச்சிடுங்கள். முகவரியைச் சுருக்கித் தரும் தளங்களைப் பயன்படுத்த வேண்டாம். எங்கே போகப்போகிறோம் என்பதை அவை மறைக்கின்றன, பல குழுக்களில் அவற்றுக்கு அனுமதியும் இல்லை.

படி 2: ஒரு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள்

குழுவில் சேர்ந்ததும் விதிகளைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் குழு விவரத்தில் இருக்கும். ஃபேஸ்புக்கில் "அறிமுகம்" பகுதியிலோ மேலே பொருத்திவைத்த பதிவிலோ இருக்கும். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒவ்வொரு உட்குழுவுக்கும் தனி விதிப்பட்டியல் உண்டு. எழுதாத விதிகளும் இருக்கின்றன, அவற்றைப் படித்துத்தான் அறிய முடியும். யார் கேள்வி கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள், வேறொருவர் இணைப்பு கொடுத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள்.

ரெடிட்டில் பத்தில் ஒன்று என்று நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. உங்கள் பங்களிப்புகள் பத்தில் ஒன்றுக்கு மேல் உங்கள் சொந்தத் தளத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது முறை "அருமை" என்று எழுதிவிட்டுப் பத்தாவதாக இணைப்பை ஒட்டினால் அது எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் துறையினர் கூடும் ஹேக்கர் நியூஸில் சொந்தக் கட்டுரையை இடலாம், ஆனால் அதற்காக மட்டுமே அங்கே வரக் கூடாது. நண்பர்களைக் கூப்பிட்டு வாக்குப் போடச் சொல்வதும் தடை.

படி 3: பதிலைக் குழுவிலேயே கொடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். யாராவது கேட்டதற்குப் பதிலாக வரும்போது இணைப்பு உதவியாகிறது. கேட்காமல் வந்தால் அது விளம்பரம். கேட்டவருக்குக்கூட, "விடை இங்கே இருக்கிறது" என்று வெறும் இணைப்பைக் கொடுப்பது சரியில்லை. குறைந்த டேட்டாவில் படிக்கும் ஒருவர், உங்கள் தளத்தைத் திறக்காமலேயே தன் செடியைக் காப்பாற்ற முடிய வேண்டும். அந்தப் பெண்மணிக்கு அன்றிரவு நான் எழுதிய பதில் இது:

"வணக்கம் அம்மா. படத்தில் இருப்பது மாவுப்பூச்சி. அதிகம் பாதித்த நுனிகளை வெட்டி அகற்றிவிடுங்கள். மற்ற இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது தண்ணீரில் கலப்பதற்குச் சில துளிகள் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் தண்டும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். தொட்டியில் எறும்பு இருந்தால் அதையும் கட்டுப்படுத்துங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும், மற்றச் செடிகளுக்கும் கொண்டுபோகும்."

இணைப்பே இல்லை. அவர் "நன்றி" என்று மட்டும் எழுதினார். ஆனால் வேறு இருவர் அவரையில் வரும் அசுவினியைப் பற்றிக் கேட்டார்கள். என் அடுத்த பதிவு அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. அந்தப் பதிவை அதே குழுவில் பகிர்ந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அது அவர்கள் கேட்டது.

பதிலில் சொன்னதைத் தாண்டி உங்கள் பதிவில் ஏதாவது இருந்தால் மட்டும் இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரவாரியாக எடுத்த படங்கள், ஒப்பீடு, நீங்கள் செய்த தவறு போன்றவை. என்ன இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "மூன்று வாரங்களில் செடி தேறியதைப் படங்களாகப் போட்டிருக்கிறேன், தேவைப்பட்டால் பாருங்கள்."

படி 4: அது உங்களுடையது என்று சொல்லுங்கள்

"ஒரு தளத்தில் பார்த்தேன், நன்றாக இருந்தது" என்று சொந்தப் பதிவைப் பற்றி யாரோ போல எழுதாதீர்கள். உங்கள் பெயரும் வலைப்பூவின் பெயரும் ஒரே தேடலில் இணைந்துவிடும். "இது நான் எழுதியது" என்ற மூன்று சொற்கள் போதும். பதிவில் விற்பனைக்கான இணைப்புகள் இருந்து, அவற்றின் வழியே வாங்கினால் உங்களுக்குத் தரகு வருமென்றால், அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி உங்களை நீங்களே பாராட்டிக்கொள்வதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

படி 5: எல்லா இடத்திலும் ஒரே நாளில் வேண்டாம்

1994 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை, இணையத்தின் தொடக்ககால விவாதக் குழுக்களின் தொகுப்பான யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் இட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாக இட்டதால், பத்துக் குழுக்களைப் படிக்கிறவர் அதைப் பத்து முறை பார்க்க வேண்டியிருந்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்ததில் அவர்களுடைய இணையச் சேவை நிறுவனத்தின் கணினிகள் முடங்கின. அவர்கள் கணக்கும் மூடப்பட்டது.

நம் தோட்டக் குழுக்களிலும் அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப இருக்கிறார்கள். ஒரு பதிவை ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு குழுக்களில் மட்டும் பகிருங்கள், ஒவ்வொன்றுக்கும் அறிமுக வரியைப் புதிதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் முன்னனுப்ப வேண்டாம். வதந்திகள் பரவியதை அடுத்து இந்தியாவில் 2018 முதல் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது. முன்னனுப்பிய செய்திக்கு மேலே அதற்கான குறியும் விழும். அந்தக் குறியைப் பார்த்ததுமே பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

விக்கிப்பீடியா மட்டும் தனி

கட்டுரைகளின் அடியில் உங்கள் வலைப்பூ இணைப்பைச் சேர்க்காதீர்கள். தனிப்பட்ட வலைப்பூக்கள் அங்கே பொதுவாக மேற்கோளாக ஏற்கப்படுவதில்லை. தேடுபொறியில் முன்னேறலாம் என்ற கணக்கும் பலிக்காது. வெளி இணைப்புகளைத் தர மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் நோஃபாலோ குறியை விக்கிப்பீடியா 2007-இலேயே போடத் தொடங்கிவிட்டது. மீண்டும் மீண்டும் சேர்த்தால் உங்கள் தளம் தடைப்பட்டியலில் ஏறலாம், பிறகு வேறு யாரும்கூட அந்த முகவரியைச் சேர்த்துச் சேமிக்க முடியாது. உங்கள் பதிவு உண்மையிலேயே பயன்படும் என்று நம்பினால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதி மற்றவர்களை முடிவு செய்ய விடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான சந்தேகங்களைக் கேட்க "ஆலமரத்தடி" என்ற பக்கம் இருக்கிறது. புதியவர்களுக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

படி 6: பகிர்ந்த பிறகு அங்கேயே இருங்கள்

இணைப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உங்களுக்கு ஓய்வான இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்போது மட்டும் பகிருங்கள். வரும் கேள்விகளுக்குக் குழுவிலேயே பதில் சொல்லுங்கள், "பதிவின் பின்னூட்டத்தில் கேளுங்கள்" என்று இழுக்காதீர்கள். யாராவது தவறு சுட்டினால் பதிவைத் திருத்திவிட்டுத் திருத்தியதைக் குழுவிலும் சொல்லுங்கள்.

நீக்கிவிட்டார்கள் என்றால் வேறு எண்ணில் மறுபடி நுழைய வேண்டாம். நிர்வாகிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, விதியைப் படிக்காமல் இணைப்பை இட்டுவிட்டேன், மன்னிக்கவும். மீண்டும் சேர அனுமதித்தால் சொந்த இணைப்புகளை உங்களிடம் கேட்ட பிறகே இடுவேன்." என்னை நீக்கிய மூவருக்கும் இப்படித்தான் எழுதினேன். இருவர் மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர் பதில் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.