நியூயார்க்குக்குப் போகிறீர்களா? ஹோட்டல் பாயின்ட்டில் அறை போடும் முன்

அமெரிக்காவுக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பல கம்பெனிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் ஹோட்டலில்தான் தங்க வைக்கும். பெரும்பாலும் ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் மாதிரி அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள இடம். வீடு பார்ப்பது, சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ், பேங்க் அக்கவுன்ட் என்று அலைகிற அவசரத்தில் அந்த ஹோட்டலின் மெம்பர்ஷிப்பில் சேர்ந்துகொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை. சேர்வது இலவசம், ஐந்து நிமிட வேலை. தங்கத் தங்கப் பாயின்ட் சேரும், பின்னால் பணத்துக்குப் பதில் அதைக் கொடுத்தே அறை போடலாம். வாடகையைக் கம்பெனி கட்டினாலும் பாயின்ட் பொதுவாகத் தங்குகிறவர் பேரில்தான் ஏறும். அதனால் செக்-இன் செய்யும்போதே நம்பரைக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி மொத்தமாக ஒப்பந்தம் போட்டு ஹோட்டலுக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் சில சமயம் ஏறாது. எக்ஸ்பீடியா மாதிரி வேறு தளத்தில் புக் செய்திருந்தால் அநேகமாக ஏறவே ஏறாது. இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. மேரியாட்டில் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்கு 10 பாயின்ட், அதே மேரியாட்டைச் சேர்ந்த ரெசிடென்ஸ் இன்னில் 5. வாராவாரம் கிளையன்ட் ஊருக்குப் பறக்கிற வேலை அமைந்துவிட்டால், ஒரு குடும்பச் சுற்றுலாவுக்கு வேண்டியது வருஷத்துக்குள் சேர்ந்துவிடும்.

கிரெடிட் கார்டு மூலம் பாயின்ட் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கிக் கட்டிய பதிவு, இருக்காது, ஹோட்டல் பெயர் போட்ட கார்டுக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும். ஊரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருந்தவர்கள் அந்த உறவைக் காட்டி இங்கே ஒரு கார்டு கேட்கலாம். மற்றவர்கள் கிடைத்த சாதாரண கார்டை ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் போதும், கதவு தானாகத் திறக்கும். மாதா மாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வட்டி 20 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது, எந்த பாயின்ட்டும் அதை ஈடுகட்டாது.

சரி, பாயின்ட் சேர்ந்துவிட்டது. முதல் பெரிய சுற்றுலா அநேகமாக நியூயார்க்தான், அதுவும் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது. ஏர்பிஎன்பியில் ஒரு வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாமே என்று நினைப்பீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க் நகரம் அதைக் கறாராகப் பிடித்துவிட்டது. 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் கூடவே தங்கியிருக்க வேண்டும். ஆகவே ஹோட்டல்தான்.

ஆபீஸில் பாயின்ட் பைத்தியம் ஒருவராவது இருப்பார். "ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை சென்ட் கிடைத்தது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அந்தக் கணக்கு தேவைதான், கீழே வருகிறேன். ஆனால் அதில் தொடங்கக் கூடாது. கூட யார் வருகிறார்கள் என்பது முதலில், அப்புறம் மேப், அதற்கும் அப்புறம்தான் பாயின்ட்.

யார் கூட வருகிறார்கள்?

நியூயார்க் சப்வேயில் 472 நிலையங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. முட்டிவலி உள்ள அம்மாவுக்கும், குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளுகிறவருக்கும் இந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். ஹோட்டல் பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதில் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சப்வே மேப்பில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்கள் மட்டுமே உங்களுக்கான நிலையங்கள். அந்தக் குறி உள்ள இடத்திலும் லிஃப்ட் ரிப்பேரில் கிடக்கலாம், அதையும் சப்வேயை நடத்துகிற எம்டிஏவின் தளத்தில் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஜெர்சி சிட்டி. "நியூயார்க் போய்விட்டு நியூஜெர்சியிலா தங்குவது?" என்று மூக்கைச் சுளிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். நியூஜெர்சியையும் நியூயார்க்கின் மையத் தீவான மன்ஹாட்டனையும் இணைப்பது பாத் ரயில். அதன் எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் நிலையத்தை ஒட்டியே ஹயாட் ரீஜென்சியும் ஹயாட் ஹவுஸும் இருக்கின்றன. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஒரே ஒரு ஸ்டாப் போனால் மன்ஹாட்டனின் வேர்ல்டு டிரேட் சென்டர், இரண்டு முனையிலும் லிஃப்ட் உண்டு. அறை நல்ல பக்கம் அமைந்தால் மன்ஹாட்டன் முழுதும் ஜன்னலுக்கு நேரே நிற்கும். மன்ஹாட்டனுக்குள் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது, ஏனென்றால் அங்கே இருக்கிறவர் அதற்குள்ளேயே அல்லவா இருக்கிறார்!

அதே ரயிலில் எதிர்த்திசையில் போனால் ஜர்னல் ஸ்கொயர். இறங்கி நடக்கிற தூரத்தில் நியூவார்க் அவென்யூவில் இந்திய மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. நாள் முழுக்க பீட்ஸாவையும் பேகலையும் பார்த்து வாடிப்போன அப்பாவை ராத்திரி அங்கே அழைத்துப் போனால் மறுநாள் சுற்ற அவருக்குத் தெம்பு வரும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பாத் ரயிலுக்கும் சப்வேக்கும் கட்டணம் தனித்தனி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இலவசமாக மாற முடியாது. நான்கு பேர் தினம் போய் வந்தால் அது கணிசமான தொகை. சுதந்திரதேவி சிலைக்குப் போகும் படகு மன்ஹாட்டனின் பேட்டரி பூங்காவிலிருந்து மட்டுமல்ல, ஜெர்சி சிட்டியின் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்தும் கிளம்புகிறது என்பது பலருக்குத் தெரியாது.

நண்பர்களாகவோ கணவன் மனைவி இருவராகவோ வருகிறவர்களுக்கு லாங் ஐலண்ட் சிட்டி பொருந்தும். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், மன்ஹாட்டனிலிருந்து கிழக்கே ஈஸ்ட் ஆற்றைத் தாண்டியதும் முதல் இடம். மன்ஹாட்டன் மிட்டவுனுக்குச் சில ஸ்டாப்கள்தான். லகார்டியா விமான நிலையத்தில் இறங்கினால் கியூ70 பஸ் இலவசம். அது ஜாக்சன் ஹைட்ஸில் 74ஆம் தெரு நிலையத்தில் கொண்டு விடும், அங்கிருந்து 7 ரயிலோ இ ரயிலோ பிடிக்கலாம். அந்த 74ஆம் தெருவிலும் நம்ம ஊர்ச் சாமான் எல்லாம் கிடைக்கும். குறை என்று பார்த்தால், 7 ரயிலில் வார இறுதிகளில் அடிக்கடி பராமரிப்பு வேலை வைத்துவிடுவார்கள், மன்ஹாட்டன் வரை போகாது. ஹோட்டல்கள் இருக்கிற சில தெருக்கள் பட்டறைகளும் கிடங்குகளுமாக ராத்திரி வெறிச்சென்று இருக்கும். தெருவைப் படத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கணேசர் கோயிலுக்குப் போவதுதான் பெரியவர்களுக்கு முக்கியம் என்றால் ஃபிளஷிங். பவுன் தெருவில் உள்ள அந்தக் கோயில் 1977இல் குடமுழுக்குக் கண்டது. கோயிலின் கான்டீன் தோசைக்காகவே ரயிலேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை. டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து 7 ரயிலில் கடைசி ஸ்டாப், முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் கொஞ்சம் நடை அல்லது பஸ். ஒரு காலைப் பொழுதை அதற்கென்று ஒதுக்கினால் போதும்.

மன்ஹாட்டனின் தெற்கு முனை, வால் ஸ்ட்ரீட் பக்கம், சனி ஞாயிறில் மலிவாகக் கிடைக்கும். வாரநாளில் கோட்டு சூட்டோடு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலி செய்துவிடுவதால் அறைகள் சும்மா கிடக்கும். ஸ்டேட்டன் ஐலண்ட் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. படகு இலவசம், போகிற வழியில் சிலையையும் தூரத்திலிருந்து பார்த்துவிடலாம். அக்கரையில் விக்டரி பூலவார்டு பக்கம் இலங்கைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. கொத்து ரொட்டி, அப்பம் என்று தேடுகிறவர்களுக்கு நியூயார்க்கில் அதுதான் இடம்.

டைம்ஸ் ஸ்கொயர்? ஒரு ராத்திரி போய் விளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். முகமூடி போட்டுக்கொண்டு குழந்தையோடு படம் எடுக்க வருகிறவர்கள் அப்புறம் கை நீட்டுவார்கள், அதையும் சொல்லி வையுங்கள். தங்க வேண்டாம்.

பாயின்ட்டா, பணமா?

இடத்தை முடிவு செய்த பிறகு கணக்குக்கு வருவோம். பணமாகக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்பதை வரியோடு பாருங்கள். நியூயார்க் நகரத்தில் ஹோட்டல் அறைக்கு 14.75 சதவீதம் வரி, அதற்கு மேல் ராத்திரிக்கு 3.50 டாலர். 280 டாலர் அறை வரியோடு கிட்டத்தட்ட 325 டாலர். பாயின்ட்டில் போட்டால் இந்த வரி கிடையாது. அதே அறைக்கு ஒரு ஹோட்டல் 20,000 பாயின்ட் கேட்டால் ஒரு பாயின்ட்டுக்கு 1.6 சென்ட் கிடைக்கிறது. இன்னொன்று 70,000 கேட்டால் அரை சென்ட்கூட வரவில்லை. ஆனால் 20,000 பாயின்ட் கேட்பதால் மட்டுமே முதலாவது சிறந்தது என்று ஆகிவிடாது. ஹில்டன் பாயின்ட் வேகமாகச் சேரும், மதிப்பும் குறைவு. அரை சென்ட் அதற்கு நியாயமான விலைதான். ஹயாட் பாயின்ட் மெதுவாகச் சேரும், ஒன்றரை சென்ட்டுக்குக் கீழே போனால் நான் பணத்தைக் கட்டிவிடுவேன்.

எப்போது போகிறீர்கள் என்பது இதை அப்படியே புரட்டிப் போடும். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க் அறைகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அப்போது பாயின்ட்டைத் தொடாதீர்கள். செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை கூடும் நாட்கள், நவம்பர் தொடக்கத்தில் மாரத்தான் நடக்கும் வார இறுதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள், இவைதான் விலை எகிறும் காலம். ஹில்டனும் மேரியாட்டும் பணவிலை ஏற ஏறப் பாயின்ட்டையும் ஏற்றிவிடும். ஹயாட் ஒவ்வொரு ஹோட்டலையும் ஒரு வகையில் வைத்து, அதற்குள் காலத்துக்கேற்பச் சில படிகளாக வரையறுத்த அளவில்தான் பாயின்ட் கேட்கும். அதனால் டிசம்பரில் போகிறவருக்கு ஹயாட் பாயின்ட் தங்கம். ஆனால் அந்த அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி உறுதியாகாவிட்டாலும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். பாயின்ட் புக்கிங்கைக் கடைசித் தேதிக்குள் ரத்து செய்தால் பாயின்ட் முழுதும் திரும்பி வரும். விசா ஸ்டாம்பிங், திடீர் ரிலீஸ் வேலை என்று நம் திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறதே, இந்த வசதி பணத்தைவிடப் பெரிது.

தொடர்ந்து ஐந்து ராத்திரி பாயின்ட்டில் தங்குவதாக இருந்தால் மேரியாட்டில் அதில் ஒரு ராத்திரி இலவசம். எல்லா உறுப்பினருக்கும் உண்டு. ஹில்டனில் இதே சலுகை சில்வர் என்ற உறுப்பினர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். ஹயாட்டில் கிடையாது.

இனி அந்த எரிச்சலூட்டும் சமாச்சாரம். மிட்டவுன் ஹோட்டல்கள் பல 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று தினமும் ஒரு தொகை வாங்குகின்றன. பதிலுக்கு ரெண்டு தண்ணீர் பாட்டிலும் காபிக் கடையில் கொஞ்சம் தள்ளுபடியும் தருவார்கள். ஹயாட்டில் பாயின்ட்டில் தங்கினால் இதைக் கேட்பதில்லை. ஹில்டனும் முழுக்கப் பாயின்ட்டில் போட்ட அறைக்குக் கேட்பதில்லை. மேரியாட்டில் பாயின்ட்டில் போட்டாலும் கட்டியாக வேண்டும். காரிலும் வந்து இறங்கினால் பார்க்கிங் தனி, மன்ஹாட்டனில் ஒரு ராத்திரிக்கு அதுவே ஐம்பது டாலரைத் தாண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது. 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் முன்புபோல் ஒளித்து வைக்க முடியாது. ஆனால் பாயின்ட்டில் புக் செய்யும்போது கண் பாயின்ட் எண்ணிக்கையிலேயே நிற்கும், கீழே சின்னதாக டாலரில் இருப்பதையும் படியுங்கள்.

கார் என்றதும் இன்னொன்று. 2025 ஜனவரி 5 முதல் 60ஆவது தெருவுக்குத் தெற்கே மன்ஹாட்டனுக்குள் கார் நுழைந்தால் பகலில் 9 டாலர், சுங்கம் தானாகக் கழியும் இ-ஸி பாஸ் காரில் இல்லாவிட்டால் 13.50. பாஸ்டனிலிருந்தோ வர்ஜீனியாவிலிருந்தோ ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் காரை ஜெர்சி பக்கமே நிறுத்திவிட்டு ரயிலில் போவதுதான் புத்திசாலித்தனம்.

அறைக்குள்

தேடும்போது எத்தனை பேர் என்ற கட்டத்தை உள்ளபடி நிரப்புங்கள். இரண்டு பேர் என்று போட்டுவிட்டு நான்கு பேராகப் போய் நின்றால், நம் ஊரில் மாதிரி "ஒரு பாய் கொடுங்க, படுத்துக்கிறோம்" என்பது செல்லாது. நியூயார்க் அறைகள் சிறியவை, ஒற்றைக் கட்டிலோடு இரண்டு பேருக்கு மட்டும் என்று இருப்பவையே அதிகம். அடிப்படைப் பாயின்ட் விலைக்குக் கிடைப்பதும் அவைதான். ஹயாட் ஹவுஸ், ரெசிடென்ஸ் இன், ஹோம்டூ சூட்ஸ் மாதிரி இடங்களில் சோபா கட்டிலும் சமையலறையும் சேர்ந்து வரும், காலைச் சாப்பாடும் பெரும்பாலும் உண்டு. நட்சத்திரம் குறைவாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். அம்மா காலையில் ஒரு டம்ளர் காபி போட்டுக்கொள்ள முடிந்தால் அதுவே ஐந்து நட்சத்திரம்.

அடுப்பு இருக்கிறது என்று தாளிக்க மட்டும் வேண்டாம். கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் பொரிந்தால் கூரையில் இருக்கிற புகை அலாரம் அலறிவிடும். தயிர்சாதம், எலுமிச்சை சாதம் என்றால் தாளிப்பை வீட்டிலேயே செய்து டப்பாவில் கொண்டு போங்கள். ஊரிலிருந்து வந்த ரைஸ் குக்கரும் இங்கே உதவாது. 230 வோல்ட்டுக்குச் செய்ததை 120 வோல்ட்டில் சொருகினால் கால்வாசிச் சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாகப் பெயர். பாயின்ட் கணக்கில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டிலோ டிரைவிங் லைசென்ஸிலோ உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை முன்னால் போட்டு ஒரு கணக்கு, அப்பா பெயரை லாஸ்ட் நேம் ஆக்கி இன்னொரு கணக்கு என்று இரண்டாகத் திறந்துவிட்டால் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரியவர்கள் உங்களுக்கு முன்னே போய்ச் சேர்வதாக இருந்தால் ஹோட்டலுக்கு போன் செய்து அவர்கள் பெயரையும் புக்கிங்கில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாவி கொடுக்க மாட்டார்கள். வாடகை முழுதும் பாயின்ட்டில் கட்டியிருந்தாலும் கவுன்டரில் ஒரு கார்டு கேட்பார்கள், சில்லறைச் செலவுக்கென்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பதற்காக. அங்கே டெபிட் கார்டைக் கொடுத்தால் கணக்கில் இருக்கிற சொந்தப் பணமே பல நாள் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டைக் கொடுங்கள். அம்மா அப்பா தனியாகச் செக்-இன் செய்வதாக இருந்தால், உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள்.